மரம் வெட்டவில்லை, புகை இல்லை; பறவைகள் ஏன் பறந்து போயின? சத்தம் செய்யும் சேதம்

ஒரு காட்டுக்குள் சாலை வந்தால் என்னென்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். மரம் வெட்டுவார்கள். புகை வரும். வண்டியில் அடிபட்டு விலங்குகளும் பறவைகளும் சாகும். இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற பாதிப்பு.

ஒரு மரத்தைக்கூட வெட்டாமல், ஒரு வண்டிகூட ஓடாமல், சாலையின் சத்தம் மட்டும் காட்டுக்குள் வந்தால்?

கேட்க வினோதமாக இருக்கும். ஆனால் அமெரிக்காவில் ஆய்வாளர்கள் சிலர் இதை நிஜமாகவே செய்து பார்த்தார்கள். அதில் கிடைத்த பதில், நகரத்துப் பறவைகளைப் பற்றிப் பலர் வைத்திருக்கும் ஒரு நம்பிக்கையைக் கேள்விக்குள்ளாக்குகிறது. 'இவ்வளவு இரைச்சலிலும் மரத்தில் பறவைகள் உட்கார்ந்திருக்கின்றனவே, அப்புறம் என்ன?' என்பதுதான் அந்த நம்பிக்கை.

சாலையே இல்லாத சாலை

ஐடஹோ மாநிலத்தின் பாய்சி நகரை ஒட்டியுள்ள மலைப்பகுதி, வலசை போகும் பறவைகள் இறங்கி இளைப்பாறும் இடம். வடக்கிலிருந்து தெற்கே நீண்ட பயணம் போகும் சிறு பறவைகள் சில நாட்கள் இங்கே தங்கி, வயிறாரச் சாப்பிட்டு, உடலில் கொழுப்பு சேர்த்துக்கொண்டு மறுபடி கிளம்பும். நெடுஞ்சாலைப் பயணத்தில் பெட்ரோல் பங்க்கில் நிற்பது மாதிரி.

2012-ம் ஆண்டு இலையுதிர் காலத்தில், பாய்சி ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இங்கே சாலையே இல்லாத ஒரு மலை முகட்டில், சுமார் அரை கிலோமீட்டர் நீளத்துக்கு 15 ஜோடி ஸ்பீக்கர்களை மரங்களில் கட்டினார்கள். வேறொரு தேசியப் பூங்காவின் சாலையில் பதிவுசெய்த வாகனச் சத்தத்தை அதில் ஓடவிட்டார்கள். நான்கு நாட்கள் சத்தம், அடுத்த நான்கு நாட்கள் அமைதி என்று மாறி மாறி நடந்தது சோதனை. இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'ஃபேன்டம் ரோடு'. அதாவது, பேய்ச் சாலை.

சத்தம் ஓடிய நாட்களில் அங்கிருந்த பறவைகளின் எண்ணிக்கை நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. யெல்லோ வார்ப்ளர் எனப்படும் மஞ்சள் நிறக் கதிர்க்குருவி போன்ற சில இனங்கள் ஏறக்குறைய அந்த இடத்தையே தவிர்த்துவிட்டன. ஸ்பீக்கரை அணைத்த நாட்களில் பறவைகள் மறுபடி வந்தன.

மரங்கள் அப்படியே இருந்தன. பழங்களும் பூச்சிகளும் இருந்தன. மாறியது சத்தம் ஒன்று மட்டும்தான்.

தங்கிய பறவைகள் தப்பித்தனவா?

நான்கில் ஒன்று போனால், மூன்று மிச்சம் இருக்கிறதே என்று தோன்றலாம். ஆய்வாளர்கள் அடுத்து கவனித்தது அந்த மிச்சத்தைத்தான். 2015-ல் அதன் முடிவுகள் வெளியாயின.

பறவைகளை வலையில் பிடித்து, எடை பார்த்து, விட்டுவிடுவது வழக்கமான ஆய்வு முறை. அப்படிப் பார்த்தபோது, சத்தத்தை விட்டு விலகாமல் அங்கேயே தங்கிய பறவைகளில் சில இனங்களின் உடல்நிலை மோசமாக இருந்தது. வலசைக்குத் தேவையான அளவு எடை ஏறவில்லை. கண் முன்னால் உணவு இருந்தும் ஏன் இப்படி?

காரணம் எளிமையானது. தரையில் இரை தேடும் ஒரு குருவிக்கு இரண்டு வேலைகள் உண்டு. தலையைக் குனிந்து கொத்த வேண்டும். அவ்வப்போது தலையைத் தூக்கி, வல்லூறோ பூனையோ வருகிறதா என்று பார்க்க வேண்டும். அமைதியான இடத்தில் பார்க்கும் வேலையில் பாதியைக் காது செய்துவிடும். சருகு மிதிபடும் ஓசையும், மற்ற பறவைகளின் எச்சரிக்கைக் குரலும் ஆபத்தை முன்கூட்டியே சொல்லிவிடும். இரைச்சலில் காது பயன்படாது. எனவே கண்ணுக்கு வேலை கூடுகிறது. ஆய்வுக்கூடத்தில் சத்தம் போட்டுச் சோதித்தபோதும் இதுவே தெரிந்தது: பறவைகள் அடிக்கடி தலையைத் தூக்கின, கொத்தும் நேரம் குறைந்தது.

நாள் முழுக்க இப்படி ஓடினால் எடை எங்கிருந்து ஏறும்? எடை குறைவான குருவிக்கு வலசைப் பயணத்தின் அடுத்த கட்டம் உயிர்ப் பிரச்சினை.

பறவைக்குச் சத்தம் ஏன் இவ்வளவு பெரிய விஷயம்?

காலையில் கேட்கும் குயில், கரிச்சான், மைனா குரல்கள் மனிதர்களுக்கு இனிமை. பறவைகளுக்கு அது அன்றாடப் பிழைப்பு. துணையை அழைப்பது, 'இது என் இடம்' என்று எல்லை சொல்வது, குஞ்சுகள் பசிக்கிறது என்று கத்துவது, ஆபத்து என்று எச்சரிப்பது எல்லாமே குரல் வழியாகத்தான்.

வாகன இரைச்சலின் பெரும்பகுதி தாழ்ந்த சுருதியில் இருக்கிறது. எஞ்சின் உறுமலும், டயர் தார்ச்சாலையில் உரசும் ஓசையும் சேர்ந்து ஒரு தொடர் ரீங்காரமாக நிற்கும். இந்தத் தாழ்ந்த சுருதியில் பாடும் பறவையின் குரல் அதற்குள் மூழ்கிப்போகும். செம்போத்தின் 'ஊப் ஊப்', புறாக்களின் முனகல், ஆந்தையின் குரல் எல்லாம் இந்த வகை. கீச்சுக்குரல் பறவைகளுக்குப் பாதிப்பு சற்றுக் குறைவு.

ஆந்தைகளுக்கு இன்னொரு சிக்கல். அவை இருட்டில் எலியின் அசைவைக் காதால் கேட்டு வேட்டையாடுபவை. சுற்றிலும் இரைச்சல் என்றால் வேட்டையே தடுமாறும். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் நடந்த ஆய்வுகள் இதை உறுதிப்படுத்தியிருக்கின்றன.

பறவைகள் எப்படிச் சமாளிக்கின்றன?

பறவைகள் சும்மா இருப்பதில்லை. மூன்று வழிகளை ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள்.

முதல் வழி, சுருதியை ஏற்றுவது. நெதர்லாந்தின் லைடன் நகரில் கிரேட் டிட் என்ற சிறு பறவையின் பாடல்களை ஆய்வுசெய்தார்கள். நம்ம ஊர் பட்டாணிக் குருவியின் நெருங்கிய உறவு இது. இரைச்சலான தெருக்களில் வாழும் பறவைகள் தாழ்ந்த சுருதிகளை விட்டுவிட்டு, உயர்ந்த சுருதியில் பாடுவது தெரிந்தது. 2003-ல் வெளியான இந்த ஆய்வுதான் இந்தத் துறையில் பலருடைய கவனத்தைத் திருப்பியது.

இரண்டாவது வழி, கத்திப் பாடுவது. பேருந்து நிலைய டீக்கடையில் நிற்கும்போது தன்னையறியாமல் குரல் உயருமே, அதேதான். 'லம்பார்ட் விளைவு' என்று இதற்குப் பெயர். பெர்லின் நகரத்து நைட்டிங்கேல் பறவைகளில், இரைச்சலான இடத்தில் இருப்பவை 14 டெசிபல் வரை கூடுதல் சத்தமாகப் பாடுவதை 2004-ல் வெளியான ஆய்வு காட்டியது. ஒலி ஆற்றல் கணக்கில் இது சுமார் 25 மடங்கு. இன்னொரு சுவாரசியம்: அலுவலக நாட்களின் காலை நேரத்தில் அவை அதிகச் சத்தமாகப் பாடின, வார இறுதியில் குரலைத் தணித்துக்கொண்டன. ஊரின் டிராஃபிக் கால அட்டவணை பறவையின் தொண்டையிலும் ஓடுகிறது.

மூன்றாவது வழி, நேரத்தை மாற்றுவது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ராபின் பறவைகள் நள்ளிரவில் பாடுவதைப் பார்த்து, தெருவிளக்கைப் பகல் என்று நினைத்துக்கொள்கின்றன போல என்றுதான் பலரும் எண்ணியிருந்தார்கள். 2007-ல் வெளியான ஆய்வு வேறு காரணம் சொன்னது. பகலில் எந்த இடத்தில் இரைச்சல் அதிகமோ, அங்கேதான் இரவுப் பாட்டும் அதிகம். பகல் ஷிஃப்ட்டில் குரல் எடுபடவில்லை, எனவே நைட் ஷிஃப்ட்.

கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் எதுவும் இலவசம் இல்லை. சுருதியை ஏற்றினால் பாட்டின் வீச்சு சுருங்கும். துணையைக் கவரும் தரம் குறையலாம். கத்திப் பாடினால் வேட்டையாடும் பறவைக்கும் அது கேட்கும். இரவில் பாடினால் தூங்க வேண்டிய நேரம் போகும். எல்லாப் பறவைகளாலும் இதைச் செய்யவும் முடியாது. குருவி இனங்கள் பாட்டைக் கேட்டுக் கற்பவை, ஓரளவு மாற்றிக்கொள்ளும். புறாவுக்கு அந்த வசதி கிடையாது.

குஞ்சு வரை போகும் பாதிப்பு

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் இயற்கை எரிவாயுக் கிணறுகள் நிறைந்த ஒரு காட்டுப்பகுதி இருக்கிறது. சில கிணறுகளில் கம்ப்ரசர் இயந்திரங்கள் இரவு பகலாக ஓடும்; சிலவற்றில் கம்ப்ரசர் இல்லை. மற்றபடி காடு ஒன்றுதான். சத்தத்தின் விளைவைத் தனியாகப் பிரித்துப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

இங்கே கூடு கட்டிய ப்ளூபேர்ட் உள்ளிட்ட மூன்று இனங்களை ஆய்வுசெய்து 2018-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். சத்தம் கூடக்கூட, பறவைகளின் ரத்தத்தில் மன அழுத்த ஹார்மோனின் வழக்கமான அளவு குறைந்திருந்தது. 'அப்படியானால் அழுத்தம் இல்லை என்றுதானே அர்த்தம்?' என்று கேட்கலாம். இல்லை. ஓயாத அழுத்தத்தில் உடல் களைத்துப்போனால், அதன் எச்சரிக்கை அமைப்பே தாறுமாறாகிவிடும். போர் போன்ற பெரும் அதிர்ச்சிகளைக் கடந்த மனிதர்களிடமும் இதே மாதிரி காணப்படுவதை ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள்.

மிக இரைச்சலான இடங்களில் குஞ்சுகளின் வளர்ச்சி குன்றியது. வெஸ்டர்ன் ப்ளூபேர்ட் இனத்தில் பொரியும் முட்டைகளின் எண்ணிக்கையும் குறைந்தது. வெளியிலிருந்து பார்த்தால் கூடு இருக்கிறது, தாய்ப்பறவை இருக்கிறது, எல்லாம் சரியாக நடக்கிற மாதிரிதான் தெரியும்.

சில பறவைகளுக்கு லாபமா?

ஆமாம், சிலவற்றுக்கு லாபம்தான். அதுவும் முழுக்க நல்ல செய்தி இல்லை.

அதே நியூ மெக்சிகோ காட்டில், ஸ்கிரப் ஜே என்ற காக்கைக் குடும்பத்துப் பறவை இரைச்சலான இடங்களைத் தவிர்த்தது. இது மற்ற பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்னும். திருடன் இல்லாத தெரு என்பதால், சத்தமான இடங்களில் ஹம்மிங்பேர்ட் அதிகமாகக் கூடு கட்டியது. அது தேன் குடிக்கும் பூக்களில் மகரந்தச் சேர்க்கையும் கூடியது.

ஆனால் ஸ்கிரப் ஜேவுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பின்யன் பைன் மரத்தின் விதைகளை எடுத்துப்போய், பிறகு தின்னலாம் என்று மண்ணில் புதைத்து வைக்கும். அவற்றில் மறந்துபோன விதைகள்தான் புதிய மரங்கள். இந்தப் பறவை போன இடங்களில் பைன் நாற்றுகளும் குறைந்தன. அமைதியான இடங்களில் இருந்த நாற்றுகளின் எண்ணிக்கை இரைச்சலான இடங்களைவிடச் சுமார் நான்கு மடங்கு. மெதுவாக வளரும் மரம் இது. இன்று நாற்று இல்லை என்றால், அந்த வெற்றிடம் பல பத்தாண்டுகளுக்கு அப்படியே நிற்கும். கம்ப்ரசரை நாளைக்கே நிறுத்தினாலும் அது சட்டென்று நிரம்பாது.

சத்தம் நின்றால் என்ன ஆகும்?

இதற்குப் பதில் 2020-ல் கொரோனா ஊரடங்கின்போது கிடைத்தது. அந்த நாட்களில் 'இவ்வளவு பறவைச் சத்தத்தை இதற்குமுன் கேட்டதே இல்லை' என்று உலகம் முழுக்கப் பலர் சொன்னார்கள். உண்மையிலேயே பறவைகள் கூடிவிட்டனவா, அல்லது காதில் விழ ஆரம்பித்ததா?

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் ஒயிட் கிரவுண்ட் ஸ்பேரோ என்ற குருவியின் பாடல்களை எலிசபெத் டெர்ரிபெரி தலைமையிலான குழு பல ஆண்டுகளாகப் பதிவுசெய்து வந்தது. ஊரடங்கில் கோல்டன் கேட் பாலத்தின் போக்குவரத்து 1954-ல் இருந்த அளவுக்கு இறங்கியது. குழுவினர் மறுபடி குருவியின் பாட்டைப் பதிவுசெய்து பழைய பதிவுகளோடு ஒப்பிட்டார்கள்.

குருவிகள் குரலைத் தணித்துக்கொண்டிருந்தன. கைவிட்ட தாழ்ந்த சுருதிகளை மறுபடி பாட்டில் சேர்த்திருந்தன. மெதுவாகப் பாடியும், பின்னணி இரைச்சல் இல்லாததால் அந்தப் பாட்டு முன்பைவிட இரண்டு மடங்கு தூரம் எட்டியது. தூரம் இரண்டு மடங்கு என்றால் பரப்பளவு நான்கு மடங்கு. ஒரே இடத்தில் நிற்கும் ஒருவரின் காதுக்கு நான்கு மடங்கு பறவைகள் எட்டும். மக்கள் சொன்னது வெறும் பிரமை இல்லை.

இந்த மாற்றத்துக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. ஊரடங்கின் சில வாரங்களிலேயே தெரிந்துவிட்டது. பிளாஸ்டிக்கை நிறுத்தினாலும் குப்பை இருக்கும். ரசாயனத்தை நிறுத்தினாலும் மண்ணில் தங்கும். ஒலி அப்படி இல்லை. சுவிட்சை அணைத்த நொடியில் மாசும் போய்விடும்.

இந்தியச் சட்டத்தில் பறவைகளுக்கு இடம் உண்டா?

இந்தியாவில் ஒலி மாசு விதிகள் 2000-ம் ஆண்டில் வந்தன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல். வணிகப் பகுதியில் 65, 55. தொழிற்சாலைப் பகுதியில் 75, 65. அமைதி மண்டலத்தில் 50, 40. காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை பகல் என்று கணக்கு. அமைதி மண்டலத்தில் அவசரம் இல்லாமல் ஹார்ன் அடிக்கவும் தடை உண்டு.

இந்த நான்கு வகைகளும் மனிதர்களை மனதில் வைத்துப் பிரித்தவை. அளக்கும் டெசிபல் முறையும் மனிதக் காதுக்கு ஏற்றபடி அமைந்தது. ஏரி, சதுப்பு நிலம், பறவைகள் கூடு கட்டும் இடம் என்று தனி வகை கிடையாது.

ஆனால் ஒரு வழி இருக்கிறது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் என்று சொல்லும் அமைதி மண்டல விளக்கம், உரிய அதிகாரி அறிவிக்கும் வேறு இடங்களையும் சேர்த்துக்கொள்ள இடம் தருகிறது. புதுச் சட்டம் வேண்டாம், அறிவிப்பு போதும்.

சென்னைக்காரர்களுக்கு இதற்கான இடத்தைத் தேட வேண்டியதில்லை. பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022-ல் ராம்சர் தளமாக அறிவிக்கப்பட்டது. பூநாரை முதல் வாத்து இனங்கள் வரை வலசை வரும் இடம். அதை ஒட்டி வேளச்சேரி - தாம்பரம் சாலை. குறுக்கே பல்லாவரம் - துரைப்பாக்கம் ரேடியல் சாலை. ஐடி கம்பெனிகளுக்குப் போகும் ஆயிரக்கணக்கான வண்டிகள் தினமும் அந்த வழியாகத்தான் போகின்றன. சதுப்பு நிலத்தின் எல்லை, ஆக்கிரமிப்பு, குப்பை, கழிவுநீர் என்று எல்லாவற்றையும் பற்றி விவாதம் நடக்கிறது. ஒலி பற்றிய பேச்சு அதில் எப்போதாவதுதான் வருகிறது.

என்ன செய்யலாம்?

முதலாவது, வேகம். கார்கள் மெதுவாகப் போனால் எஞ்சின் சத்தம்தான் முக்கியம். வேகம் கூடினால் டயர் உரசும் சத்தம் அதை முந்திவிடும். அதனால் மின்சார வாகனங்கள் மட்டும் வந்துவிட்டால் நெடுஞ்சாலை அமைதியாகிவிடாது. பறவைகள் கூடும் இடங்களில் வேகக் கட்டுப்பாடும், ஓசை குறைவான சாலைப் பரப்பும், தேவையான இடத்தில் ஒலித் தடுப்புச் சுவரும் சேர்ந்து வர வேண்டும். நம்ம ஊரில் இதோடு ஹார்னையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, இன்னும் எளிமையானது: கேட்டுக்கொள்வது. சான் பிரான்சிஸ்கோ அருகே உள்ள மியூர் உட்ஸ் காட்டில், 'இது அமைதிப் பகுதி' என்று பார்வையாளர்களுக்குப் பலகை வைத்துச் சோதித்தார்கள். அபராதம் இல்லை, காவலர் இல்லை. வெறும் பலகைக்கே சத்தம் சுமார் 3 டெசிபல் குறைந்தது. ஒலி ஆற்றலில் அது பாதி. பின்னர் நடந்த ஆய்வில், அமைதியான நேரங்களில் பறவைகள் கூடுதலாக அங்கே வருவதும் தெரிந்தது.

தமிழ்நாட்டில் இதற்கு ஆய்வுக்கும் முந்தைய உதாரணம் உண்டு. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டியுள்ள கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி கிராமங்களில் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வடகிழக்குப் பருவமழையோடு பறவைகள் வந்து கூடு கட்டும் நேரமும் தீபாவளியும் ஒன்றாக வரும். பிள்ளைகளுக்கு ஆசை இருக்காதா? இருக்கும். ஆனாலும் ஊர்க் கட்டுப்பாடு நிற்கிறது. வனத்துறை அதற்கு நன்றியாக இனிப்பு கொடுப்பது வழக்கம்.

அந்த மக்களின் கவலை அர்த்தமுள்ளது என்பதை நெதர்லாந்து காட்டியது. அங்கே புத்தாண்டு நள்ளிரவில் வாணவேடிக்கை தொடங்கியதும், ஆயிரக்கணக்கான பறவைகள் ஒரே நேரத்தில் இருட்டில் எழும்பி, வழக்கத்துக்கு மாறாகச் சுமார் 500 மீட்டர் உயரம் வரை போவது வானிலை ரேடாரில் பதிவானது.

வெடி ஒரு நாள், இரண்டு நாள். சாலை இரைச்சலுக்கு விடுமுறை கிடையாது. கிராமங்கள் ஒரு பண்டிகையின் சத்தத்தையே விட்டுக்கொடுத்திருக்கும்போது, ஏரி ஓரச் சாலையில் 40 கிலோமீட்டர் வேகமும் ஹார்ன் இல்லாத ஒரு கிலோமீட்டரும் பெரிய தியாகம் இல்லை.

அலுவலக ஜன்னலுக்கு வெளியே மைனா உட்கார்ந்திருப்பதை வைத்து அது நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. அது இரை தேடத் தலை குனியும் நேரம் எவ்வளவு, அதன் கூட்டில் எத்தனை முட்டை பொரிகிறது என்பதெல்லாம் ஜன்னலிலிருந்து தெரியாது. இனி பறவைகளைக் கணக்கெடுக்கும்போது, தலைகளை எண்ணுவதோடு அந்த இடத்தின் டெசிபலையும் பக்கத்தில் குறித்து வைத்தால், அடுத்த சாலைத் திட்டம் வரும்போது பேசுவதற்குக் கையில் ஓர் எண்ணாவது இருக்கும்.